சான்றிதழ் தேவையில்லாத பழைய ஷாட்கன்: அறிகுறியைப் பார்த்துச் சிக்கலைப் பிடிக்கும் வழி

இதை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வட அயர்லாந்தில் சட்டம் வேறு, அங்கே இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய ஷாட்கன் மேல் ஆசை வருவது சாதாரணம். டமாஸ்கஸ் குழலில் ஓடும் அந்த அலை வரிகளை ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் "150 வருஷப் பழசு, அதனால் சான்றிதழ் வேண்டாம்" என்ற ஒரே வாக்கியத்தை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு, வீட்டில் கொண்டுவந்து வைத்த பிறகு அது 12 போர் (குழலின் உள்விட்ட அளவு, கீழே விளக்குகிறேன்) என்று தெரிந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியின் வயது மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. எந்தத் தோட்டாவுக்காகச் செய்தார்கள், அது எப்படிப் பற்றவைக்கப்படுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. 1880இல் செய்த 12 போர் சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் ஊசி குத்திப் பற்றவைப்பது) ஷாட்கனுக்கும் இன்று கடையில் வாங்கும் புதிய ஷாட்கனுக்கும் சட்டத்தின் முன்னால் வித்தியாசம் இல்லை, இரண்டுக்குமே காவல்துறை தரும் ஷாட்கன் சான்றிதழ் வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தின் 58(2) பிரிவுதான் பழம்பொருள் துப்பாக்கிக்கு விலக்குத் தருகிறது, அதுவும் அரும்பொருளாகவோ அலங்காரப் பொருளாகவோ வைத்திருந்தால் மட்டும். எது பழம்பொருள் என்று முன்பு வழிகாட்டுதல் ஏட்டில் மட்டும் இருந்தது, 2021 மார்ச் 22 முதல் அது விதியாகவே வந்துவிட்டது. 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும். அதோடு, குழலின் வாய்வழி வெடிமருந்து போட்டு இடிக்கும் வகையாகவோ, பின்ஃபயர் (தோட்டாவின் பக்கவாட்டில் நீட்டும் ஊசியை அடித்துப் பற்றவைப்பது) மாதிரி வழக்கொழிந்த பற்றவைப்பு முறையாகவோ, பட்டியலில் உள்ள வழக்கொழிந்த தோட்டா ஒன்றுக்காகச் செய்ததாகவோ இருக்க வேண்டும். ஷாட்கனைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலில் இருப்பவை 32, 24, 14 போர்கள், 2 5/8 அல்லது 2 7/8 அங்குல அறை (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்) கொண்ட 10 போர், 8 போர், 4 போர், அதற்கும் மேலே படகில் வைத்து வாத்துக் கூட்டத்தைச் சுட்ட பெரிய பன்ட் துப்பாக்கிகள். 12, 16, 20, 28, .410 எதுவும் சென்டர்ஃபயராக இருந்தால் பட்டியலில் இல்லை.

போர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஒரு உருண்டை எவ்வளவு பருமன் வருமோ அதுதான் 12 போர் குழலின் உள்விட்டம், 18.5 மில்லிமீட்டர். எண் ஏற ஏறக் குழல் ஒடுங்கும், .410 மட்டும் அங்குலக் கணக்கு. 14 போர் 17.6, 10 போர் 19.7, 8 போர் 21.2.

சரி, இனி அறிகுறிகள். முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதை முதலில் வைக்கிறேன்.

குழலுக்குள் விட்ட குச்சி அடிவரை போகவில்லை

வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிகளில் (வன்னிப் பக்கம் இடியன் என்பார்களே, அந்த வகை) இதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். ஒரு மரக்குச்சியைக் குழலின் வாய் வழியே அடி வரைக்கும் விட்டு, வாய் வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, அதே கோடு வாயோடு சேரும்படி குழலுக்கு வெளியே பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோகத் தொப்பி) மாட்டும் நிப்பிள் இருக்கும் இடத்தையோ, சக்கிமுக்கித் துப்பாக்கியானால் பக்கத்துளையையோ எட்ட வேண்டும். ஒன்றிரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. குப்பையாக இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம், மருந்து என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

நான் வாங்கிய முதல் ஒற்றைக்குழல் ஒரு வீட்டைக் காலி செய்யும் விற்பனையில் வந்தது. அந்த வீட்டில் அதை வருஷக்கணக்காகச் சுவரில் மாட்டியிருந்தார்கள், பேரப்பிள்ளைகள் எடுத்து விளையாடியிருக்கிறார்கள். குச்சி இரண்டு அங்குலத்துக்கு மேல் முன்னாலேயே நின்றது. துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோனேன். அவர் பட்டறையில் பின்பக்கத் திருகைக் கழற்றி, மெதுவாக வெளியே தள்ளியபோது முதலில் வந்தது இறுக்கிச் சுருட்டிய பழுப்புக் காகிதம், அதற்குப் பின்னால் ஈயச் சில்லுகள், அப்புறம் இன்னொரு காகித அடைப்பு, கடைசியில் கருமருந்து. கட்டியாக இல்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. அதில் ஒரு சிட்டிகையை எடுத்து வெளியே ஒரு ஓட்டில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். நேற்று வாங்கிய மருந்து மாதிரி 'புஸ்' என்று பற்றியது. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் கெடாது, எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும். பிள்ளைகள் கையில் ஒரு கேப் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் நீங்களே தோண்ட வேண்டாம், துளை போடவோ சூடு காட்டவோ கூடவே கூடாது. வாயை ஆள் இல்லாத திசையில் வைத்து, கன்ஸ்மித்துக்கு முதலில் போன் செய்து, உள்ளே மருந்து இருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

குழலின் அடியில் 14 என்று முத்திரை இருக்கிறது, விற்பவரும் 14 போர் என்கிறார்

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். கோவென்ட்ரியில் இருக்கும் ஒரு தம்பி ஏலக்கூடத்திலிருந்தே எனக்குப் போன் செய்தான்.

"அண்ணா, முத்திரையிலயே 14னு அடிச்சிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"14க்குப் பக்கத்துல எழுத்து ஏதாவது இருக்கா பாரு."

"எம் இருக்கு."

"அதுக்குப் பக்கத்துல, இல்ல மேல?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "12 பி."

"வெச்சிட்டு வெளிய வந்துருடா."

1875 முதல் 1887 வரை, வாய்ப்பக்கம் ஒடுங்கலாகக் கடைந்த குழல்களுக்கு குழலைச் சோதித்து முத்திரை அடிக்கும் பிரிட்டிஷ் புரூஃப் ஹவுஸ்கள் இரண்டு எண் அடித்தன. பி என்றால் பின்பக்க அளவு, எம் என்றால் வாயில் உள்ள அளவு. தம்பி பார்த்தது 12 போர் துப்பாக்கி, வாயில் மட்டும் 14 அளவுக்கு ஒடுங்கியது. அந்தக் காலத்துக் குழல்களில் 'குண்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் அடித்திருப்பார்கள், அதைப் பார்த்தாலே இது ஒடுங்கிய குழல் என்று தெரிந்துவிடும். ஏலப் பட்டியல் தயாரித்தவர் 12 பியைக் கவனிக்கவில்லை. அந்த இடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அவர்கள் வேண்டுமென்று செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. ஆனால் வாங்கியவன் கையில் இருக்கும்போது பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவன் வாங்கியவன்தான்.

1887க்குப் பிறகு வந்த துப்பாக்கிகளில் வேலை கொஞ்சம் சுலபம். சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு எண்ணும் அதற்குக் கீழே சி என்ற எழுத்தும் இருக்கும். அது தோட்டா அறையின் அளவு. வெளியே தனியாக 13 என்றோ 14 என்றோ இருப்பது குழலின் உள்விட்டம், அது அறையைவிடச் சற்று ஒடுங்கி இருப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். கட்டத்துக்குள் 12, வெளியே 14 என்றால் அது 12 போர். கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

முத்திரை தேய்ந்துபோயிருந்தால் விட்டம் அளக்கும் வெர்னியர் எடுத்துப் போங்கள். 12 போர் அறையின் பின்வாயில் ஏறத்தாழ 20.6 மில்லிமீட்டர் வரும், 16 போருக்கு 19க்குச் சற்றுக் குறைவாக வரும், 14 இரண்டுக்கும் நடுவே நிற்கும். அறையை அளங்கள், குழலை அளந்துவிட்டு அறையை அளந்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குழப்பத்தில்தான் பாதித் தவறு நடக்கிறது. விற்பவர் அளக்க விடமாட்டேன் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

பின்ஃபயர் என்கிறார்கள், ஆனால் குழலின் மேல்விளிம்பில் பள்ளம் எதுவும் இல்லை

பின்ஃபயர் தோட்டாவில் அடிப்பாகத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு ஊசி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், குதிரை (விசையை இழுத்தால் வந்து அடிக்கும் சுத்தி) மேலிருந்து அந்த ஊசியின் தலையில் அடிக்கும். பாரிஸில் லெஃபோஷே என்ற துப்பாக்கிக்காரர் 1830களில் கொண்டுவந்த முறை இது. 1851இல் லண்டன் ஹைட் பார்க் பெரும் கண்காட்சியில் பார்த்த பிறகுதான் ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். 1860களில் சென்டர்ஃபயர் வந்ததும் இதன் காலம் முடிந்துவிட்டது. அந்த ஊசிக்காக ஒவ்வொரு குழலின் பின்விளிம்பிலும் மேலே ஒரு சின்ன வெட்டுப்பள்ளம் இருந்தே ஆக வேண்டும். குதிரைகளும் நீளமாக, தட்டையான மூக்கோடு, குழலின் மேலேயே வந்து உட்காரும்.

பள்ளம் இல்லை, அல்லது பள்ளம் இருந்த இடத்தில் உலோகம் வேறு நிறத்தில் அடைத்த மாதிரித் தெரிகிறது, கூடவே ஆக்‌ஷனின் முகத்தில், குழல் வந்து ஒட்டும் அந்தச் செங்குத்துத் தகட்டில், இரண்டு சிறு துளைகள் இருந்து குதிரையை விட்டால் அவற்றிலிருந்து ஊசிமுனை எட்டிப் பார்க்கிறது என்றால், அது சென்டர்ஃபயராக மாற்றப்பட்ட துப்பாக்கி. அந்தக் காலத்தில் பணம் போட்டு வாங்கியவர்கள் தூக்கிப் போட மனமில்லாமல் இப்படி நிறைய மாற்றினார்கள். சரித்திரமாகப் பார்த்தால் அருமையான பொருள். சட்டமாகப் பார்த்தால் 12 போர் பின்ஃபயரை மாற்றினால் கிடைப்பது 12 போர் சென்டர்ஃபயர், சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. மாற்றாத பின்ஃபயர் என்றால் 12 போரோ 16 போரோ கவலையில்லை, பற்றவைப்பு முறையே விலக்குக்குள் வந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் நல்ல நிலையில் உள்ள, மாற்றாத பின்ஃபயரைத்தான் சொல்வேன். அதில் போர் பற்றிய வாக்குவாதம் வர வழியே இல்லை. லியேஜ் நகரத்தில் செய்தவை நிறையக் கிடைக்கும், நீள்வட்டத்துக்குள் ஈ எல் ஜி என்று மூன்று எழுத்து இருக்கும். ஆங்கிலேயப் பின்ஃபயர்கள் எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் விலை கூடுதல்.

10 போர், அறை நீளம் தெரியவில்லை

2 5/8 அங்குலம் 66.7 மில்லிமீட்டர், 2 7/8 அங்குலம் 73 மில்லிமீட்டர். இந்த இரண்டும்தான் பட்டியலில் உண்டு. 3 1/2 அங்குலம், அதாவது 89 மில்லிமீட்டர் அறை கொண்ட 10 போருக்கு இன்றும் தோட்டா செய்கிறார்கள், அதற்கு விலக்கு இல்லை. ஒரு மெல்லிய இரும்பு அளவுகோலை அறையின் சுவரோடு ஒட்டி உள்ளே தள்ளினால், அறை முடிந்து குழல் ஒடுங்கும் இடத்தில் அதன் மூலை தட்டி நிற்கும். பழைய துப்பாக்கிகளில் அந்தப் படி செங்குத்தாக இருக்கும், கையிலேயே தெரியும். படி தெளிவாக இல்லாமல் வழுவழுவென்று சரிந்து போனால், பிற்காலத்தில் யாரோ அறையை நீட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். செய்தபோது இருந்த அறையாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மாற்றிய அறை என்றால் வாங்காதீர்கள்.

8 போர், 4 போரில் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் எடுத்துப் பார்க்கும்போது எடையைக் கவனியுங்கள், சுவரில் மாட்டும் ஆணி தாங்காது.

பார்க்கப் பழசு, தொட்டால் புதுசு

வாய்வழி இடிக்கும் துப்பாக்கிகளின் நகல்களை இத்தாலியில் இன்றும் செய்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள், விளையாட்டுக்காகச் சுடுகிறவர்கள் அவற்றைத்தான் சான்றிதழோடு வாங்குகிறார்கள். ஆனால் நகல் பழம்பொருள் ஆகாது. குழலின் அடியில் சிறு கட்டத்துக்குள் இரண்டு எழுத்தோ ரோமன் எண்ணோ இருந்தால் அது இத்தாலிய ஆண்டுக் குறியீடு. 'கருமருந்து மட்டும்' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தாலும் நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அந்தக் காலத்தில் வேறு மருந்தே கிடையாது, அப்படி எழுதி வைக்கும் தேவையும் இல்லை.

இதோடு சேர்த்து, 9 மில்லிமீட்டர் தோட்டத் துப்பாக்கி. சின்னது, அழகானது, 1939க்கு முந்தியது, ரிம்ஃபயர் (தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்துப் பற்றவைப்பது). பழைய ரிம்ஃபயர் எல்லாம் விலக்கு என்று யாரோ சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். 9 மி.மீ. ரிம்ஃபயர் அந்த விலக்கில் சேராது.

குழலின் மேல் 'ஸ்லீவ்ட்' என்று இருக்கிறது

பழைய குழலை வெட்டி உள்ளே புதுக் குழல் செருகியிருக்கிறார்கள். சுடுகிறவர்களுக்கு அது நல்ல பழுது, உங்களுக்கு வேண்டாம்.

வாங்கிய பிறகுதான் தெரிகிறது, இது 12 போர்

பதற்றப்பட்டு அதைக் காரில் போட்டுக்கொண்டு எங்கும் கிளம்பாதீர்கள். மாடியில் மறைத்து வைத்து மறந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். சான்றிதழ் இல்லாமல் ஷாட்கன் வைத்திருப்பதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு, தெரியாது என்று சொல்வது பெரிய உதவி செய்யாது. ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள், பதிவு பெற்ற துப்பாக்கி வணிகர் ஒருவரைக் கேளுங்கள், காவல்துறையின் உரிமப் பிரிவுக்கு நீங்களே சொல்லுங்கள். எப்படி ஒப்படைப்பது, யார் வந்து எடுப்பது என்று அவர்கள் சொல்வார்கள். விற்றவரோடு நடந்த எழுத்துப் பேச்சு, பட்டியல் பக்கத்தின் படம், ரசீது எல்லாம் கைவசம் இருந்தால் நீங்கள் எதை நம்பி வாங்கினீர்கள் என்று காட்டலாம். அதனால்தான் வாங்கும் முன்பே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைக்கச் சொல்கிறேன், விற்பனை முடிந்ததும் பல இடங்களில் அது காணாமல் போய்விடும்.

வைத்திருக்க ஆசை என்றால் ஷாட்கன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், அதுவரை வணிகர் வைத்திருப்பார். அல்லது முறைப்படி செயலிழக்கச் செய்து சான்று வாங்கலாம், ஆனால் நல்ல பழைய துப்பாக்கியை அப்படி வெட்டிப் பற்றவைப்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

குழலை ஆட்டினால் ஆடுகிறது

இனி வருபவை சட்டம் அல்ல, உடல்நிலை. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குழலுக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் நடுவே ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. அலங்காரமாக வைத்திருக்க அது பெரிய குறை இல்லை, விலையைக் குறைத்துக் கேட்கக் காரணம், அவ்வளவுதான்.

குழல்களைத் தனியே கழற்றி, அடியில் உள்ள கொக்கியை ஒரு விரலில் தொங்கவிட்டு விரல்மூட்டால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை உறுதியாக இருக்கிறது. 'டப்' என்று செத்த சத்தம் வந்தால் பட்டையின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது, அதற்குள் ஈரம் இறங்கி உள்ளிருந்து துரு தின்றுகொண்டிருக்கும். எனக்கு ஆடும் கீலைவிட இதுதான் பயம். கீல் தேய்வது நின்ற இடத்தில் நின்றுவிடும், பட்டைக்கு அடியில் ஓடும் துரு நிற்காது.

டமாஸ்கஸ் வரி ஓரிடத்தில் இருக்கிறது, இன்னோரிடத்தில் மறைந்துவிட்டது

இரும்பும் எஃகுமாகக் கம்பிகளை முறுக்கி, பட்டையாக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றிச் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்த குழல் இது. வரி என்பது மேலே வரைந்தது அல்ல, உலோகத்துக்குள்ளேயே ஓடுவது. யாராவது அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் மறைந்த மாதிரித் தெரியும், அனுபவமுள்ளவர் மறுபடி பழுப்பேற்றினால் திரும்பி வரும். ஆனால் குழலின் அடியில், முன்கட்டை மறைக்கும் இடத்தில், வரி அறவே இல்லாமல் மேலே மட்டும் அழகாக இருந்தால் அது அமிலத்தில் அரித்துப் போட்ட போலி வரியாக இருக்கலாம். மலிவான துப்பாக்கிகளில் அப்படிச் செய்தார்கள். முன்கட்டையைக் கழற்றிப் பார்க்காமல் டமாஸ்கஸ் என்று விலை கொடுக்காதீர்கள்.

துரு இருந்தால் கம்பி பிரஷ் மாட்டிய மின்கருவி பக்கமே போகாதீர்கள். மெல்லிய எண்ணெய் தடவி இரண்டு நாள் ஊறவிட்டு, மிக நைசான வெண்கல நார் வைத்து வரியின் போக்கிலேயே தேயுங்கள். சிவந்த துரு போனால் போதும். அந்தக் கரும்பழுப்பு நிறம் துரு இல்லை, அது துப்பாக்கியின் வயது, அதை எடுத்தால் பாதி மதிப்பு போய்விடும்.

குதிரை பாதி ஏற்றத்தில் நிற்கவில்லை

உள்ளே வெட்டுப்பல் உடைந்திருக்கலாம், வெறும் பழைய எண்ணெய் பிசினாகிப் பிடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். ஆனால் நீங்களே பக்கத்தகட்டைக் கழற்றும் முன் திருகாணியைக் கிட்டத்தில் பாருங்கள். நல்ல ஆங்கிலேயத் துப்பாக்கித் திருகின் தலையில் உள்ள கீறல் தலைமுடி மாதிரி மெல்லியதாக இருக்கும். வீட்டு ஸ்க்ரூடிரைவரின் வாய் அதில் இறங்காது, இறங்காததை அழுத்தித் திருப்பினால் கீறல் கிழிந்து, அந்தக் கிழிசல் இனி எப்போதும் அப்படியே இருக்கும். அதற்கென்று வாயை மெல்லியதாகத் தீட்டிய திருப்புளி இல்லாமல் தொடாதீர்கள்.

குதிரையை ஏற்றி வெறுமனே விட்டுச் சத்தம் கேட்பதும் வேண்டாம். நிப்பிள் நசுங்கும், பழைய குதிரையின் கழுத்து ஒடியும். காட்டியே ஆக வேண்டுமென்றால் நடுவே ஒரு தோல் துண்டை வைத்து, கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்குங்கள்.

ஏலப் பெட்டியில் துப்பாக்கியோடு நாலு பழைய தோட்டாவும் வந்திருக்கிறது

ஆர்வத்தில் எல்லோரும் சந்தோஷப்படும் இடம் இது, நான் பயப்படும் இடமும் இதுதான். விலக்கு முழுவதும் "அரும்பொருளாக வைத்திருக்கிறேன்" என்ற ஒரு காலில்தான் நிற்கிறது. அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும், வெடிக்கக்கூடிய தோட்டா பக்கத்திலேயே இருந்தால் அந்தக் கால் வழுக்கும். தோட்டாவை ஏற்க வேண்டாம், பதிவு பெற்ற வணிகரிடம் விட்டுவிடுங்கள். மருந்தும் கேப்பும் இல்லாத வெற்றுக் கூடு வேறு விஷயம்.

சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தாலே அது அரும்பொருள் இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து ஷாட்கன் சான்றிதழ் முன்னால் வர வேண்டும், கருமருந்து வாங்கவும் வைக்கவும் காவல்துறையிடம் வெடிபொருள் சான்றிதழ் தனியாக வேண்டும், குழலை கன்ஸ்மித் அளந்து பார்க்க வேண்டும். அந்த வழியில் போகிறவர்கள் இருக்கிறார்கள், மதிக்கிறேன். ஆனால் பாதி வழி என்று ஒன்று கிடையாது.

முன்பு சிறை சென்ற ஒருவர் வீட்டில் மாட்டி வைக்கலாமா என்று கேட்கிறார்

மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர்களுக்குக் காலவரையுள்ள தடையும், மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் ஆயுள் தடையும் உண்டு. 2014ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தடை பழம்பொருள் துப்பாக்கிக்கும் பொருந்தும். அதே வீட்டில் அப்படி ஒருவர் குடியிருந்தால் நீங்களும் வழக்கறிஞரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

நேற்று விலக்கில் இருந்தது இன்று இல்லை

2021இல் 7 வகை ரிவால்வர் தோட்டாக்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவற்றுக்கான துப்பாக்கி வைத்திருந்தவர்கள் குறித்த காலத்துக்குள் உரிமம் எடுக்கவோ கைவிடவோ வேண்டியிருந்தது. ஷாட்கன் போர்களை அப்போது தொடவில்லை, ஆனால் தொடமாட்டார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உள்துறையின் வழிகாட்டுதல் பக்கத்தை வருஷத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். நான் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு உறை வைத்திருக்கிறேன், அதில் ரசீது, முத்திரைகளின் கிட்டத்துப் படங்கள், அறை அளவை நானே அளந்து எழுதிய தாள். யாராவது அதிகாரி வந்து கேட்டால் வாய்ப்பேச்சு வேண்டியதில்லை, உறையை நீட்டிவிடலாம்.

ஊருக்கு எடுத்துப் போகலாமா

வேண்டாம். பிரிட்டனின் விலக்கு பிரிட்டனோடு முடிகிறது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் பழைய ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது, ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருந்தால் மட்டும். வேலை செய்யும் பின்ஃபயர் அதில் வராது.

கட்டையில் புதிதாக வெடிப்பு, குழலில் புள்ளித் துரு, போன வருஷம் இல்லை

எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? கணப்படுப்புக்கு மேலே என்றால் அதுதான் காரணம். இங்கே எல்லோரும் அங்கேதான் மாட்டுகிறார்கள், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குளிர்காலம் முழுக்க அடியிலிருந்து ஏறும் சூட்டில் வால்நட் கட்டை காய்ந்து சுருங்கும், கோடையில் ஈரத்தை இழுத்து உப்பும். பூட்டுத்தகடு பதிந்திருக்கும் மெல்லிய இடத்தில்தான் முதலில் கீறும். வெளிச்சுவர் அல்லாத, வெயில் படாத உள்சுவருக்கு மாற்றுங்கள். வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத சுவராக இருந்தால் இன்னும் நல்லது. பூட்டுப் பெட்டி சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் வெளியூர் போகும்போது நான் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன்.

புள்ளித் துரு விரல் அடையாளம் மாதிரி வட்டமாக இருந்தால் அது விரல் அடையாளமேதான், வந்த விருந்தாளி தொட்டுப் பார்த்த வியர்வை. காட்டும்போது அவர்கள் கையில் பருத்திக் கையுறை கொடுங்கள், அவர்கள் போனதும் அன்றைக்கே எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள், வருஷத்துக்கு இரண்டு தரம் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லிசாகப் பூசி, பத்து நிமிஷம் கழித்து மிருதுவான துணியால் தேய்த்து எடுங்கள்.